தண்ணியை நடத்தணும்

கயத்தாறு என்றதும் வெளியூர்க்காரர்கள் கட்டபொம்மனைத்தான் கேட்பார்கள். 1799 அக்டோபர் 16-ஆம் தேதி அவரைத் தூக்கிலிட்ட ஊர் இது. அதை விட்டால் காற்றாலைகள். மதுரை, திருநெல்வேலி நாற்கரச் சாலையில் போகிறவர்கள் கார்க் கண்ணாடியை இறக்கி அவற்றைப் படம் பிடிப்பார்கள். அந்தக் காற்றாலைகள் ஊன்றி நிற்கிற மண்ணை யாரும் கேட்பதில்லை. நான் அந்த மண்ணில் மானாவாரி வெள்ளாமை வைத்துப் பிழைக்கிறவன். கிணறு கிடையாது, கால்வாய் கிடையாது. அப்பா காலத்திலிருந்தே வானம் பார்த்த புஞ்சை. உளுந்து, பாசி, வெள்ளைச் சோளம், கம்பு, பருத்தி என்று போட்டு வந்தோம். இப்போது மக்காச்சோளமும் சேர்ந்துகொண்டது.

எங்கள் ஊர் மழையைப் புரிந்துகொள்ள முதலில் காற்றைப் புரிந்துகொள்ள வேண்டும். வைகாசி தொடங்கி ஆவணி வரைக்கும் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று அடிக்கும். தென்மேற்குப் பருவமழையின் காற்றுதான் அது. மழையைக் குற்றாலத்தோடு இறக்கி வைத்துவிட்டு, காற்று மட்டும் இங்கே வரும். தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் தன் காற்றாலைச் சோதனை நிலையத்தைக் கயத்தாற்றில் வைத்திருப்பது அதனால்தான். மின்சாரத்துக்கு நல்ல காற்று, நிலத்துக்குக் கொடுமையான காற்று. மண்ணில் மிச்சம் மீதி இருக்கிற ஈரத்தை நாலு மாதம் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மழை வருவது புரட்டாசிக் கடைசியில். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதத்தில் வருஷத்து மழையில் பெரும்பங்கு கொட்டித் தீர்ந்துவிடும். மார்கழியில் கொஞ்சம் வந்தால் அதிர்ஷ்டம். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று ஊரெல்லாம் சொல்லும். கரிசல்காட்டில் அதை நம்பி விதைத்தால் விதை காற்றோடு போய்விடும். எங்களுக்குப் பட்டம் புரட்டாசிதான்.

தூத்துக்குடி மாவட்டத்தில் வருஷத்துக்குச் சராசரியாக 650 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. குறைவுதான். ஆனால் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தால் அது 40,000 லிட்டர். பெரிய தண்ணீர் லாரி ஒன்று 12,000 லிட்டர் கொண்டுவரும் என்று வைத்துக்கொண்டால், மூன்று லாரித் தண்ணீருக்கு மேல் ஒரே மழையில் இலவசமாக வந்து இறங்குகிறது. 650 மில்லிமீட்டருக்கு இந்தக் கணக்கைப் போட்டால் ஏக்கருக்கு 26 லட்சம் லிட்டர். ஒரு உளுந்துப் பயிருக்கு இவ்வளவு தண்ணீர் வேண்டியதே இல்லை. எங்கள் கஷ்டம் மழை பெய்யாததால் பாதி என்றால், பெய்த மழை நாலு மணி நேரத்தில் ஓடைக்குப் போய்விடுவதால் மீதிப் பாதி.

கரிசல் மண் தண்ணீரைக் குடிக்கிற விதம் தனி. அதிலே இருக்கிற களி, ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சித்திரை, வைகாசியில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரைக்கும் போகும். முதல் மழை அந்த வெடிப்புகள் வழியாக நேரே அடிக்கு இறங்கும். இரண்டாவது மழையிலேயே மண் உப்பி வெடிப்பு மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு தண்ணீர் உள்ளே இறங்குவது மிகவும் மெதுவாக. மழையோ அவசரமாகப் பெய்யும். மண் குடித்து முடிப்பதற்குள் மேல் மண்ணையும் கரைத்துக்கொண்டு தண்ணீர் ஓடிவிடும். ஆனால் ஒரு தடவை உள்ளே போன ஈரத்தைக் கரிசல் லேசில் விடாது. ஒரு மீட்டர் ஆழமுள்ள நல்ல கரிசல், பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய ஈரமாகவே 150 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வைத்திருக்கும். மழை நின்று ஒன்றரை மாதம் கழித்தும் பருத்தியும் சோளமும் பச்சையாக நிற்பது அந்த ஈரத்தில்தான். எங்களுடைய பெரிய கண்மாய் எங்கள் புஞ்சைக்கு அடியிலேயே இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான். வெட்ட வேண்டியதில்லை, கரை கட்ட வேண்டியதில்லை. நிரப்பத்தான் வேண்டும்.

நிரப்புகிற வேலை சித்திரை முதல் தேதியே தொடங்கிவிடும். அன்றைக்குக் கயத்தாறு, கோவில்பட்டி, எட்டயபுரம் வட்டாரத்தில் ஊர் ஊராகப் பொன்னேர் பூட்டுவார்கள். முன்பு காளைகளுக்கு மஞ்சள் பூசி, கொம்பில் மாலை சுற்றி, ஊர் முழுக்க ஒரே புஞ்சையில் ஏர் இறக்கும். இப்போது டிராக்டருக்குச் சந்தனம் பூசி நாலு சுற்று ஓட்டுகிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தம் எதில் என்றால், நிறையப் பேர் அன்றைக்குப் பூட்டிய ஏரை அன்றைக்கே நிறுத்திவிடுகிறார்கள். கோடை மழை ஒன்று விழுந்த உடனே சட்டிக் கலப்பையால் ஆழமாக ஒரு உழவு போட்டுக் கட்டி புரட்டி வைத்தால்தான், ஐப்பசி மழை ஓடாமல் கட்டிகளுக்கு நடுவே நின்று இறங்கும். களையும் கூட்டுப்புழுவும் வெயிலில் காய்ந்து சாவது கூடுதல் லாபம்.

எந்தப் பக்கமாக உழுகிறோம் என்பது ஆழத்தைவிட முக்கியம். எங்கள் பக்கம் நிலம் மேற்கே இருந்து கிழக்கே சரிகிறது. பாகம் பிரிக்கும்போது ஒவ்வொரு பங்குக்கும் வண்டிப்பாதை வேண்டும் என்று பெரியவர்கள் கிழமேலாக நீளநீளமாகக் கீறிக் கொடுத்துவிட்டார்கள். டிராக்டருக்கும் நீளவாக்கில் ஓட்டுவதுதான் சௌகரியம். சரிவோடு உழுதால் ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்கால். மழை அந்த வாய்க்காலில் இறங்கி நேரே ஓடைக்குப் போகும். சரிவுக்குக் குறுக்கே, தென்வடலாக உழுதால் ஒவ்வொரு சாலும் ஒரு சின்ன வரப்பு. டிராக்டர்க்காரத் தம்பியிடம் வருஷா வருஷம் இதே பேச்சுதான்.

"அண்ணாச்சி, தென்வடலா உழுதா வண்டி எத்தனை தரம் திரும்பணும்? மணிக்கணக்கு கூடும் பாத்துக்கிடுங்க."

"கூடுனா கூடட்டும்டே. திரும்புற துட்டையும் நாந்தான குடுக்கேன்? நீ குறுக்க உழு."

அந்தக் கூடுதல் வாடகையை ஒரே மழையில் திரும்ப எடுத்துவிடலாம். ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் கூடுதலாக உள்ளே இறங்கினாலே ஏக்கருக்கு 40,000 லிட்டர். அதை லாரியில் வாங்கினால் என்ன விலை என்று கணக்குப் பார்க்கட்டும்.

எங்கள் அப்பா மழை அளவை மில்லிமீட்டரில் சொன்னதில்லை. 'ஒரு உழவு மழை', 'ரெண்டு உழவு மழை' என்பார். மழை விட்ட மறுநாள் மெல்லிய இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு புஞ்சைக்குப் போவார். நானும் அதைத்தான் செய்கிறேன். கம்பியை நேராகப் பிடித்து இரண்டு கையாலும் அழுத்த வேண்டும். ஈரம் இருக்கிற மட்டும் கையழுத்தத்துக்கே இறங்கும். காய்ந்த மண்ணைத் தொட்டதும் நக்கென்று நிற்கும். கம்பியை உருவினால் ஈர மண் ஒட்டியிருக்கிற நீளம் தெரியும். மேட்டுப் பக்கம், நடு, பள்ளம் என்று பல இடத்தில் குத்திப் பார்க்க வேண்டும். பள்ளத்தில் மட்டும் ஆழமாக இறங்கி மேட்டில் ஒரு சாண்கூட இறங்கவில்லை என்றால், மேட்டில் விழுந்த மழை அங்கே நிற்கவே இல்லை என்று பொருள். மேலே பெய்த ஈரம் அடியில் கிடக்கிற பழைய ஈரத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டால் அந்த வருஷம் பயிர் பாதி கரையேறின மாதிரி. நடுவே காய்ந்த மண் ஒரு அடுக்காக நின்றால் வேர் அதைத் தாண்டாது. மழைமானி காட்டுகிற கணக்கு வானத்தில் இருந்து எவ்வளவு வந்தது என்பது. கம்பி சொல்கிறது நமக்கு எவ்வளவு மிஞ்சியது என்பது.

அடுத்தது பொழி. இரண்டு பேர் நிலத்துக்கு நடுவே ஓடுகிற எல்லை வரப்பைத்தான் சொல்கிறேன். பழைய பொழிகளில் மாட்டுவண்டியே போகும். ஒவ்வொரு உழவிலும் ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை என்று இரண்டு பக்கமும் அரித்து அரித்து, இன்றைக்குப் பல இடத்தில் ஆள் நடக்கக்கூட இடமில்லை. மழை அந்த இடத்தைத்தான் முதலில் உடைக்கும். கரிசலில் பொழி போடுவதும் செவலில் போடுவது போல இல்லை. கோடையில் கரையும் சேர்ந்து வெடிக்கும். காய்ந்த கட்டியை அள்ளிக் குவித்து வைத்தால், முதல் பெருமழையில் தண்ணீர் வெடிப்புக்குள் புகுந்து கரையைத் துளைத்துக்கொண்டு போய்விடும். மண் பதமாக இருக்கும்போது போட வேண்டும். கையில் ஒரு பிடி எடுத்து உருட்டினால் உருண்டை பிடிக்க வேண்டும், உள்ளங்கையில் அப்பக் கூடாது. போட்டு மிதித்து, மேலே கொழுக்கட்டைப் புல்லோ வேறு புல்லோ பிடிக்க விட்டுவிட வேண்டும். அந்தப் புல்லை ஆடு கடித்தாலும் வேர் இருக்கும் வரை கரை நிற்கும்.

கரையை உயரமாகப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. கரிசலில் அதுதான் ஆபத்து. தண்ணீர் மூன்று நாள் தேங்கினால் உளுந்து மஞ்சளாகி வேர் அழுகும். தண்ணியை நிறுத்தக் கூடாது, நடத்தணும். ஒரு புஞ்சையில் குடிக்கிற அளவுக்குக் குடித்துவிட்டு, மிச்சம் மெதுவாக அடுத்த புஞ்சைக்குப் போக வேண்டும். அதற்குப் பொழியில் மறுகால் வேண்டும். எங்கள் அப்பா வைத்த மறுகால் ஒன்று இன்னும் இருக்கிறது. கரையின் பள்ள ஓரத்தில், நில மட்டத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் பட்டைக் கற்களைச் சாய்த்துப் பதித்து, கீழே தண்ணீர் விழுகிற இடத்தில் சின்னக் கற்களைப் பரப்பியிருப்பார். ஒரு சாணுக்கு மேலே ஏறின தண்ணீர் மட்டும் கல் மேலே வழிந்து, கீழே பரப்பிய கல்லில் வேகம் செத்து, தெளிவாக அடுத்த நிலத்துக்குப் போகும். மண் இந்தப் பக்கமே படிந்துவிடும். சிமென்ட் கிடையாது. மண் உப்பிச் சுருங்கும்போது சிமென்ட் விரிசல் விடும். அடுக்குக் கல் அசைந்துகொடுத்து மறுபடி உட்கார்ந்துகொள்ளும்.

இந்த வட்டாரத்தில் ஆராய்ச்சி புதுசில்லை. கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901-இல் தொடங்கியது. 'டின்னவெல்லி' என்ற பெயரில் எங்கள் கரிசல் பருத்தி தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. அந்த நிலையத்துக்காரர்கள் சொன்னதில் நான் விடாமல் கடைப்பிடிப்பவை சில உண்டு. சோள விதையை 2 சதவீத பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில், அதாவது லிட்டருக்கு 20 கிராம், ஊறவைத்து நிழலில் பழைய எடைக்கு உலர்த்தி, மழைக்கு முன்னாலேயே புழுதியில் விதைப்பது ஒன்று. இரண்டு அங்குல ஆழத்தில் விழுந்த விதை சின்னத் தூறலுக்கு ஏமாந்து முளைக்காது. நல்ல மழை விழுந்தால்தான் முளைக்கும். மழை பெய்த பிறகு விதைக்கலாம் என்று இருந்தால், கரிசலில் மழைக்குப் பின் நாலைந்து நாள் காலையே வைக்க முடியாது. அதற்குள் அடுத்த மழை வந்துவிடும், பட்டம் தவறிவிடும். நிலத்தைச் சின்னச் சின்னப் பகுதிப் பாத்திகளாகக் கட்டி வைப்பதும் அவர்கள் சொன்னதுதான். அகலப்பாத்தியும் சாலும் மாறி மாறி அமைக்கிற முறை, ஐதராபாத் பக்கம் பட்டஞ்சேருவில் இருக்கிற இக்ரிசாட் நிறுவனம் கரிசல் மண்ணுக்கென்றே செய்த வேலை. மழை குறைந்தால் சால் ஈரம் பிடிக்கும், கூடினால் அதே சால் வடிகாலாகும். எங்கள் அப்பாவின் மறுகாலும் இதுவும் ஒரே புத்திதான்.

2016-ஆம் வருஷத்தை எங்கள் பக்கம் யாரும் மறக்க மாட்டார்கள். வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டுக்கு 440 மில்லிமீட்டர் வரவேண்டிய இடத்தில் 168 மில்லிமீட்டர் மட்டும் பெய்தது. 2017 ஜனவரி 10-ஆம் தேதி எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அந்தக் கோடையில் ஆழ்துளை போடுகிற வண்டிகள் இரவு பகலாக ஊருக்குள் நின்றன. நகையை அடகு வைத்துப் போட்டவர்கள் உண்டு. வந்த தண்ணீர் பல இடத்தில் உவர். உவர்த் தண்ணீரைக் கரிசலில் பாய்ச்சினால், உப்பு ஏறி மண் இறுகும். பிறகு மழைத் தண்ணீர்கூட உள்ளே இறங்காது. ஒரு வருஷத்துப் பயிரைக் காப்பாற்றப் போய் நிலத்தையே இழப்பது. அன்றைக்கும் சில புஞ்சைகளில் சோளம் முழங்கால் உயரத்துக்காவது வந்து மாட்டுக்குத் தட்டையாவது கிடைத்தது. கோடை உழவு போட்டு, பொழியைப் பார்த்துக்கொண்டவர்களின் புஞ்சைகள் அவை. விளைச்சல் என்று சொல்ல மாட்டேன். மாட்டை விற்காமல் இருந்தார்கள், அவ்வளவுதான். அந்த வருஷத்தில் அது பெரிய விஷயம்.

அதற்குப் பிறகு பண்ணைக்குட்டை வெட்டினோம். மேலே 20 மீட்டருக்கு 20 மீட்டர், ஆழம் 2 மீட்டர், பக்கங்கள் சரிவாக. கணக்குப் போட்டால் ஐந்தரை லட்சம் லிட்டருக்கு மேல் நிற்கும். காற்றும் வெயிலும் கொஞ்சம் குடித்தது போக, மூன்று ஏக்கருக்கு மூன்று சென்டிமீட்டர் வீதம் ஒரு உயிர்த் தண்ணி விடலாம். அது போதும். காய் பிடிக்கிற நேரத்தில் ஒரு தண்ணி கிடைத்த உளுந்துக்கும் கிடைக்காத உளுந்துக்கும் இருக்கிற வித்தியாசத்தைக் களத்தில் பார்த்தால் தெரியும். குட்டையை நிலத்தின் பள்ள மூலையில்தான் வெட்ட வேண்டும். எங்கள் ஊரில் ஒரு ஒப்பந்தக்காரர், பொக்லைன் இறங்குவதற்குச் சுலபம் என்று பாதையோரத்து மேட்டில் ஒருவருக்கு வெட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குள் வானத்திலிருந்து நேரே விழுகிற மழையைத் தவிர ஒரு சொட்டும் வராது. அகலத்தைக் கூட்டி ஆழத்தைக் குறைப்பதும் கூடாது. எங்கள் ஆடிக்காற்றுக்கு மேற்பரப்பு எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு நஷ்டம். தண்ணீர் வருகிற வாயில் ஒரு சின்னக் குழி, வண்டல் அதில் தங்கிவிடும்படி. வருஷத்துக்கு ஒரு தடவை அள்ளிப் போட்டால் குட்டை தூராது.

மக்காச்சோளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குப் போகிற தீவனம் என்பதால் விலை இருக்கிறது என்று எல்லாரும் அதற்கு மாறினார்கள். 2018-இல் படைப்புழு வந்தது. அதோடு காட்டுப்பன்றி. தண்ணீர்க் கணக்கில் பார்த்தாலும் கம்பும் வெள்ளைச் சோளமும் தாங்குகிற வறட்சியை மக்காச்சோளம் தாங்காது. முழுப் புஞ்சையையும் அதற்குக் கொடுக்காதீர்கள் என்று இளவட்டங்களிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நேர்மாறாக நடந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. கோவில்பட்டிப் பக்கமும் ஏறக்குறைய அரை மீட்டர். அப்படிப்பட்ட மழையை எந்தப் பொழியும் தடுக்காது. எங்கள் பக்கத்து வெள்ளம் உப்பாற்று ஓடையில் இறங்கிக் கோரம்பள்ளம் குளத்துக்குப் போகும். அந்தக் குளம் உடைந்து தூத்துக்குடி நகருக்குள் தண்ணீர் புகுந்தது. துறைமுகத்துப் பட்டணத்தில் கட்டில் மட்டத்துக்குத் தண்ணீர் நின்ற வீடுகளைப் பார்த்தபோது எனக்குள் ஓடியது ஒன்றுதான்: இதில் கொஞ்சம் எங்கள் புஞ்சையில் நிற்க வேண்டிய தண்ணீர். அதோடு போன கரிசல் மண் எங்கள் மேல் மண். மேட்டில் இருக்கிறவன் பொழியைக் கவனிப்பதும் பள்ளத்தில் இருக்கிற நகரம் மூழ்காமல் இருப்பதும் தனித்தனிச் சங்கதிகள் இல்லை. பெருமழையை நாம் தடுக்க முடியாது. ஆனால் சாதாரண வருஷத்தில் நாலு மணி நேரத்தில் ஓடுகிற தண்ணீரை நாலு நாள் ஓட வைக்க முடியும். அப்போது கண்மாயும் தூராது, மடையும் அடைபடாது.

ஓடைகளின் நிலைமைதான் எனக்குப் பெரிய கவலை. சீமைக்கருவேலம் அடைத்துக் கிடக்கிறது. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு வந்தபோது ஊர் ஊராக வெட்டினார்கள். தூரோடு எடுக்காத இடத்தில் எல்லாம் மறுபடி தழைத்துவிட்டது. வெட்டியவர்கள் கரிமூட்டம் போட்டு நாலு காசு பார்த்தார்கள், அதுவும் நியாயம்தான். ஆனால் மரத்தை வெட்டுவது வேறு, வேரைப் பறிப்பது வேறு. இன்னொரு பக்கம், பெரிய பெரிய இயந்திரங்களைக் கொண்டுபோகப் பாதை போட்டவர்கள் சில இடத்தில் ஓடைக்குக் குறுக்கே ஒரு குழாய்கூட வைக்காமல் மண்ணைத் தட்டிவிட்டார்கள். மேலே இருக்கிற புஞ்சை மூழ்குகிறது, கீழே இருக்கிற கண்மாய் காய்கிறது. திங்கட்கிழமை மனுநாளில் நிற்கிற எங்கள் ஆட்களில் பாதிப் பேர் கையில் இருப்பது இந்த மாதிரி ஓடை மனுதான். கிராமப் படத்தில் ஓடை இருக்கிறது. அதைத் தரையில் அளந்து கல் ஊன்றினால் பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

கண்மாயில் சேர்ந்த கரம்பையை நிலத்துக்குக் கொண்டுவந்து அடிப்பதுதான் இந்தச் சுற்றை முடிக்கிற வேலை. நம் புஞ்சையிலிருந்து போன மண்தான் அது, கூட ஆடு மாட்டுச் சாணியும் இலை தழையும் சேர்ந்து வளமாகத் திரும்பி வருகிறது. முன்பு இதற்கு அனுமதி வாங்கவே ஒரு கோடை போய்விடும். 2024-இலிருந்து தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம் என்று ஆகியிருக்கிறது. புன்செய்க்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர் வரை இலவசம். ஏக்கர் முழுக்கப் பரப்பினால் இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் வரும். கரிசலில் எல்லா இடத்திலும் கொட்ட வேண்டாம். மேட்டில், செவலும் சரளும் கலந்து கிடக்கிற இடத்தில், கம்பி ஒரு சாணோடு நிற்கிற இடத்தில் அடியுங்கள். ஈரம் பிடிக்காத இடத்துக்குத்தான் அது வேண்டும். மனுவோடு பட்டா, அடங்கல் நகலை வைத்துப் பங்குனியிலேயே கொடுத்துவிட்டால் சித்திரையில் வண்டி ஓடும். வைகாசி பாதிக்குள் அடித்து முடித்து, ஒரு உழவு போட்டுக் கலந்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் மேல்காற்று எழுந்துவிடும். கொட்டி வைத்த கரம்பையில் பொடி எல்லாம் பறந்து பக்கத்துப் புஞ்சைக்குப் போய்ச் சேரும், நமக்குக் கட்டிதான் மிஞ்சும்.